பாணில் எத்தனை கரண்டி சீனி என்று சொல்லுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்து வெதுப்பக உரிமையாளர்களுக்கும், எங்கள் உணவைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கும்,

என் அம்மா 11 ஆண்டுகளாகத் தேநீருக்குச் சீனி போடுவதில்லை. சலரோகம் என்று கிளினிக்கில் சொன்ன அன்றே நிறுத்தியவர். கோயிலில் தரும் பொங்கலைக்கூட ஒரு விரல் நுனியளவு நாக்கில் வைத்துவிட்டு மீதியைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். வெறுந்தேநீருக்கு ஒரு துண்டு பனங்கட்டி கடிப்பது அவருடைய சிறுவயதுப் பழக்கம், அதையும் விட்டார். இப்படி வாயைக் கட்டி வாழும் ஒருவருக்கு, காலையும் இரவும் நான் என் கையால் தட்டில் வைத்த பாணில் நாளொன்றுக்கு மூன்று நான்கு தேக்கரண்டி சீனி போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதை நான் அறிந்தது கடந்த ஆவணியில்தான். எனக்கு அறியத் தந்தவர்கள் நீங்கள் அல்லர். பாரிஸிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகள்.

வந்த இரண்டாம் நாள் காலை, பாணைச் சம்பலோடு கடித்தவள் பாதியில் நிறுத்தி, "மாமி, சம்பலுக்குச் சீனி போட்டீர்களா?" என்று கேட்டாள். நான் போடவில்லை. அவள் சம்பலை ஒதுக்கிவிட்டுப் பாணை மட்டும் பிய்த்துத் தின்று பார்த்தாள். "பாண்தான் இனிக்கிறது" என்றாள். நானும் தின்று பார்த்தேன். உண்மைதான். ஆண்டுக்கணக்காகத் தின்று பழகியதில் என் நாக்கு அதை இனிப்பு என்று சொல்வதையே விட்டுவிட்டிருந்தது.

அன்று பின்னேரமே எங்கள் வீதிக் கடைகளிலும் நகரத்துப் பெரிய கடையொன்றிலும் கிடைத்த வெட்டிய பாண்களில் நான்கு வகையை வாங்கி மேசையில் அடுக்கினேன். மூன்றில் சீனி எத்தனை கிராம் என்ற விபரமே இல்லை. ஒன்றில் மட்டும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய ஆங்கில எழுத்தில், 100 கிராமுக்கு 7 கிராம் சர்க்கரை என்றிருந்தது. உள்ளடக்க வரிசை நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே: கோதுமை மா, நீர், சீனி, மரக்கறிக் கொழுப்பு, ஈஸ்ட், உப்பு, பிறகு இலக்கங்களாலான சில பெயர்கள். எடை கூடியது முதலிலும் குறைந்தது பின்னாலும் வரவேண்டும் என்பது அந்த வரிசையின் விதி. பாணுக்கு உப்பு, மாவின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் போடுவது வழக்கம். சீனி உப்புக்கு முன்னால் நிற்கிறது. அப்படியென்றால் அது உப்பைவிடக் கூட. எவ்வளவு கூட என்பதைத்தான் அந்த மூன்று உறைகளும் சொல்ல மறுக்கின்றன.

இதைச் சென்ற மாதம் எங்கள் பகுதியில் நடந்த நுகர்வோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். உங்களில் ஒருவர், பெயர் இங்கே தேவையில்லை, எனக்குச் சொன்ன பதில் இது: "இனிப்பில்லாவிட்டால் சனம் வாங்காது ரீச்சர். எவ்வளவு போடுகிறோம் என்று சொல்லச் சொல்லி எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை." முன்வரிசையில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் குறிப்புக் கொப்பியை மூடிவிட்டு, அடுத்த விடயத்துக்குப் போகலாம் என்றார். அடுத்த விடயம் தேங்காய் விலை. தேங்காய் விலை முக்கியமானதுதான். ஆனால் என் கேள்வி அந்த மண்டபத்தில் அப்படியே கிடந்தது. ஒருவரும் கேட்கவில்லை என்று அன்று சொன்னீர்கள். இதோ, எழுத்தில் கேட்கிறேன்.

உங்கள் தொழிலை வெளியே நின்று குறை சொல்லும் ஒருத்தி என்று என்னை எண்ண வேண்டாம். என் அப்பா 38 ஆண்டுகள் பாண் சுடும் போறணையில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் விடியற்காலை என்பது அப்பா வேலைக்குப் போகும் நேரமல்ல, வேலை முடித்து வரும் நேரம். அவருடைய சாரத்தில் புளித்த மாவின் வாசமும் விறகுப் புகையின் வாசமும் கலந்திருக்கும். கையில் முதல் சூட்டு றோஸ் பாண் ஒன்று பழைய பேப்பரில் சுற்றியிருக்கும். அதன் மேலோட்டைப் பிய்த்து எடுப்பதற்கு நானும் அண்ணனும் சண்டை பிடிப்போம். நான் பிறகு 31 ஆண்டுகள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஈஸ்ட் மாவை எப்படிப் பொங்க வைக்கிறது என்று பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தபோதெல்லாம் என் மனக்கண்ணில் நின்றது அப்பாவின் மரத் தொட்டிதான்.

அப்பா இறந்த பிறகும் அவருடைய கணக்குக் கொப்பியை நான் வைத்திருக்கிறேன். நீலக் கோடு போட்ட பாடசாலைக் கொப்பி. அதில் ஒரு பக்கத்தில், 50 கிலோ மூடை ஒன்றுக்கு என்று தலைப்பிட்டு அவர் எழுதியிருப்பது: உப்பு ஒரு கிலோ, சீனி அரைக் கிலோ. அந்த மூடையிலிருந்து 155 இறாத்தல் பாண் வரை இறக்குவார்கள். ஓர் இறாத்தல் என்றால் ஏறத்தாழ 450 கிராம், ஒரு முழுப் பாண். அரைக் கிலோவை 155 ஆல் பிரித்துப் பாருங்கள். ஒரு முழுப் பாணுக்கு மூன்று கிராமும் கொஞ்சமும். ஒரு தேக்கரண்டி நிறையக்கூட இல்லை. அதிலும் பெரும்பகுதியை இரவு முழுவதும் ஈஸ்ட் தின்றுவிடும்.

இனி, விபரம் எழுதியிருந்த அந்த ஒரே உறையின் கணக்கு. 100 கிராமுக்கு 7 கிராம் என்றால் 450 கிராம் பாணுக்கு 31 கிராமுக்கு மேல். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட எட்டுக் கரண்டி. மாவிலிருந்து இயல்பாகவே கொஞ்சம் சர்க்கரை உண்டாகும். அதைத் தாராளமாகக் கழித்தாலும் ஆறு கரண்டி நிற்கிறது. அம்மா காலையில் நான்கு துண்டு, இரவில் நான்கு துண்டு, கிட்டத்தட்ட அரைப் பாண் சாப்பிட்டு வந்தவர். நாளாந்தம் உணவில் சேர்க்கும் சீனி மொத்த சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. அந்த 5 சதவீதம் என்பது வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம், ஆறு தேக்கரண்டி. அம்மாவின் பங்கில் ஏறத்தாழப் பாதியைப் பாணே எடுத்துக்கொண்டுவிட்டது. அவருடைய தேநீர்க் கோப்பையை 11 ஆண்டுகளாகக் காவல் காத்த நான், பாண் தட்டைக் காக்கத் தவறிவிட்டேன். உறையில் எழுதியிருந்தால் காத்திருப்பேன்.

சீனி இல்லாவிட்டால் மா பொங்காது என்று உங்களில் சிலர் வாடிக்கையாளரிடம் சொல்கிறீர்கள். என்னிடமும் சொன்னீர்கள். அது சரியல்ல. கோதுமை மாவில் அமிலேசு என்ற நொதியம் இயல்பாகவே இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது மாப்பொருளை உடைத்து மோல்ற்றோசு ஆக்குகிறது. ஈஸ்டுக்கு அந்தத் தீன் போதும். அதற்கு நேரம்தான் வேண்டும். மாறாக, சீனி அளவுக்கு மீறினால் அது ஈஸ்டிலிருந்து நீரை இழுத்து அதன் வேலையை மெதுவாக்கும். இனிப்பான பணிஸ் மா பொங்கச் சுணங்குவது ஏன் என்று உங்கள் பாஸ்மாரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு எனக்கு விஞ்ஞானப் புத்தகம் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கு இது வாழ்ந்து தெரிந்த விடயம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சீனி எங்களுக்கு மருந்துபோல. தேநீருக்குப் பனங்கட்டியை நறுக்கி எண்ணிக் கொடுத்த வீடுகள் எத்தனை! 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழுந்து நடந்தபோது நாங்களும் சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே யாரோ ஒருவருடைய பழைய போறணையை இரவல் வாங்கி, அப்பாவும் இன்னும் நான்கு பேரும் பாண் போட்டார்கள். மா இருந்தது, உப்பு இருந்தது. சீனி ஒரு பிடியும் இல்லை. ஈஸ்ட் முடிந்த நாட்களில், அப்பத்துக்கு விடுவதுபோலப் பனங்கள்ளை விட்டு மாவைப் புளிக்க வைத்தார்கள். அந்தப் பாண் பொங்கியது. மேலோடு கொஞ்சம் வெளிறியிருந்தது, லேசாகப் புளித்தது, அவ்வளவுதான். பாடசாலை மண்டபங்களில் படுத்திருந்த சனம் அதை வரிசையில் நின்று வாங்கித் தின்றது. இனிக்கவில்லை என்று ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்படியானால் இப்போது ஏன் இவ்வளவு சீனி? உங்களுக்குக் காரணம் தெரியும். எங்களுக்கும் தெரியட்டும். சீனி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் பாண் நாட்கணக்கில் மெத்தென்று இருக்கும். போறணையில் சீக்கிரம் நிறம் பிடிக்கும், சுடும் நேரம் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரமாகப் பொங்க வைத்த மாவில் சுவை இராது. அந்த வெறுமையைச் சீனி மூடும். இரவு முழுவதும் மெதுவாகப் புளிக்கும் மாவுக்குத் தானாகவே ஒரு மணமும் ருசியும் வந்துவிடும். 1961இல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற இடத்தில், மாவை மிக வேகமாக அடித்துப் பிசைந்து, புளிக்க வைக்கும் மணித்தியாலங்களைப் பெரும்பாலும் இல்லாமலாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பெரிய ஆலைப் பாணின் வழி உலகின் பல இடங்களில் அங்கிருந்து தொடங்குகிறது. அப்பாவின் தொட்டியில் எட்டு மணித்தியாலம் நடந்த வேலை ஒரு மணித்தியாலத்துக்கும் கொஞ்சத்துக்குமுள் முடிகிறது. மிச்சம் பிடித்த அந்த நேரத்தின் விலையை என் அம்மாவின் குருதி கொடுக்கிறது.

வீட்டில் ஒரு சிறு பரிசோதனையும் செய்தோம். சமையலறை மேசையில் பக்கத்துக் கிராமத்து விறகுப் போறணை றோஸ் பாண் துண்டொன்றையும், வெட்டிய உறைப் பாண் துண்டொன்றையும் இரவு வைத்தோம். காலையில் றோஸ் பாண் காய்ந்து மரத்துண்டாகிவிட்டது. மற்றையது பஞ்சுபோலவே இருந்தது, அதைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியிருந்தது. எறும்புக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அண்ணன் மகள் திரும்பிப் போனதும் நான் உறவினர்கள் எல்லாரிடமும் ஒரு வேலை கேட்டேன். நீங்கள் வாங்கும் பாணின் உறையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றிடம் இதைக் கேட்டால் பாதி உலகத்திலிருந்து பதில் வரும். வந்தது. எங்கள் பாணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு புதுப் பாடப்புத்தகம் திறந்ததுபோல் இருந்தது.

பாரிஸிலிருந்து வந்த படத்தில் உறையே இல்லை, நீண்ட பாணின் நடுவில் சுற்றிய ஒரு காகிதத் துண்டு மட்டும். பிரான்சில் 1993 செப்டெம்பரில் ஓர் அரசாணை வந்தது. "பிரெஞ்சு மரபுப் பாண்" என்று சொல்லி விற்க வேண்டுமானால் கோதுமை மா, நீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்தமா ஆகியவற்றால்தான் அதைச் செய்ய வேண்டும். மிகச் சிறிதளவு அவரை மா, சோயா மா, முளைத்தானிய மா சேர்க்கலாம். வேறு சேர்மானம் கூடாது, மாவை உறையவைத்து எடுக்கவும் கூடாது. சீனிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அந்தப் பாண் மாலைக்குள் காய்ந்துவிடும் என்று அண்ணன் மகள் சொல்கிறாள். அதனால்தான் அங்கே சனம் நாளாந்தம் வெதுப்பகத்துக்கு நடக்கிறது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்தது. பின்னேரப் பாண் எத்தனை மணிக்கு இறங்கும் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்த காலம் ஒன்று இருந்தது.

ஜேர்மனியில் உள்ள சித்தப்பா மகன் இன்னொரு கணக்கை அனுப்பினான். அங்கே 90 பங்கு தானியத்துக்குச் சீனியும் கொழுப்பும் சேர்ந்து 10 பங்கை எட்டிவிட்டால் அது பாண் என்ற வகையிலிருந்து விலகி, கேக், பணிஸ் போன்றவற்றின் வகைக்குப் போய்விடும். நோர்வேயில் முழுத்தானியம் எத்தனை வீதம் என்பதை நான்கு படியாகப் பிரித்து, ஒரு வட்டப் படமாக உறையில் போடுகிறார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் பார்த்து வாங்கலாம். லண்டனிலிருந்து வந்த சாதாரண வெள்ளைப் பாணின் உறையில் 100 கிராமுக்கு 3 கிராம். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்தவை எங்கள் பாணைப்போல இனிப்பானவை. அங்கு வாழும் எங்கள் ஆட்களும் வந்த புதிதில் அதைக் கேக் என்றுதான் சொன்னார்களாம். ஆனால் அமெரிக்காவில் 2016இல் கொண்டுவந்த விதிப்படி, மொத்தச் சர்க்கரை எவ்வளவு, அதில் புறம்பாகச் சேர்த்தது எவ்வளவு என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுத வேண்டும். இனிப்பான பாண்தான், ஆனால் ஒளித்து வைத்த இனிப்பல்ல.

யப்பானியரும் பாணை "பான்" என்றுதான் சொல்கிறார்கள். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள். அவர்களுடைய சொல்தான் நாங்கள் சொல்லும் பாண். போறணை என்ற சொல்லும் அவர்கள் வழி வந்ததே. அதே நாட்டு மாலுமிகள் யப்பானுக்கும் அந்தச் சொல்லைக் கொண்டு போனார்கள். யப்பானியர் அதை மெத்தென்ற, பாலும் சீனியும் சேர்ந்த சதுரப் பாணாக மாற்றிக்கொண்டார்கள். அது அவர்கள் விரும்பி, தெரிந்து செய்துகொண்ட மாற்றம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு சொல் இரண்டு கரையில் இறங்கி இரண்டு விதமாக வளர்ந்தது எனக்கு அழகாகவே படுகிறது. எங்கள் கரையில் நடந்த மாற்றத்தை மட்டும் எங்களைக் கேட்காமல் செய்துவிட்டீர்கள்.

நீங்கள் எல்லாரும் அறியவேண்டிய வழக்கு அயர்லாந்தில் நடந்தது. அங்கே பாண் அத்தியாவசிய உணவு என்பதால் அதற்குப் பெறுமதி சேர் வரி இல்லை. ஆனால் எது பாண் என்பதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் அளந்து சொன்னது. சீனி, கொழுப்பு போன்ற சேர்மானங்கள் ஒவ்வொன்றும் மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சப்வே என்ற சாண்ட்விச் நிறுவனத்தின் கிளைகளை நடத்திய ஒரு கம்பனி தங்கள் பாணுக்கும் வரிவிலக்குக் கேட்டு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தப் பாணில் சீனி மாவின் எடையில் 10 சதவீதம். 2020இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இந்தச் சட்டத்தின்படி இது பாண் அல்ல.

நான் என் சமையலறை மேசையில் இருந்த அந்த உறைப் பாணுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஓர் இறாத்தல் பாணுக்கு ஏறத்தாழ 320 கிராம் மா. அதில் 31 கிராம் சர்க்கரை. மாவிலிருந்து வரும் பங்கைக் கழித்தாலும் 7, 8 சதவீதம், கழிக்காவிட்டால் 10. அப்பாவின் கொப்பியில் உள்ளதோ 1 சதவீதம். கொக்குவிலில் விறகுப் புகையில் நின்ற அந்த மனிதரின் பாண் அயர்லாந்துச் சட்டத்திலும் பாண்தான். இன்று கண்ணாடிக் கதவுள்ள கடையில் விற்கும் பாண் அங்கே பாண் ஆகாது.

எங்களுக்குமே இந்த வேறுபாடு தெரியாததல்ல. இனித்தால் அது பணிஸ். ஜாம் பணிஸ், கிறீம் பணிஸ், சீனி தூவிய பணிஸ் என்று பிள்ளைக்கு ஆசைக்கு வாங்கிக் கொடுப்போம். பாண் என்பது பசிக்கு. பருப்புக்கும் சம்பலுக்கும் மீன் குழம்புக்கும் சொதிக்கும் கீழே விரிக்கும் பாய் அது. காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதும் அதுதான். அந்தச் சொல்லின் மேல் எங்களுக்கு இருந்த நம்பிக்கையில்தான் உறையைத் திருப்பிப் பார்க்காமல் இத்தனை காலம் வாங்கினோம்.

ஒரு வைத்திய நண்பர் இந்த மடலின் முதல் பிரதியை வாசித்துவிட்டு, வெள்ளைப் பாணின் மாப்பொருளே குருதியில் குளுக்கோசாகத்தானே மாறும், சீனியை மட்டும் பிடித்து என்ன பயன் என்று கேட்டார். அவர் சொல்வது சரி. சீனி இல்லாத வெள்ளைப் பாணும் சலரோகக்காரருக்கு அளவோடுதான். அம்மாவின் பங்கை நானும் குறைத்துவிட்டேன். ஆனால் மாப்பொருள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். பாணைக் கண்ணால் கண்டாலே தெரியும். கிளினிக்கில் தாதி, நான்கு துண்டுக்கு மேல் வேண்டாம் என்று கணக்குச் சொல்வது அதை வைத்துத்தான். சீனி அந்தக் கணக்குக்குள் வராமல் வந்து சேர்கிறது. இலங்கையில் வயதுவந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருக்கிறது என்று 2005, 2006 காலத்தில் செய்த ஆய்வே சொல்லிவிட்டது. ஐந்தில் ஒருவர் என்றால் உங்கள் கடைக்கு முன்னால் காலையில் நிற்கும் வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் விடயம் வேறு. ஐந்து வயதில் இனித்த பாணில் பழகிய நாக்குக்கு, இருபது வயதில் இனிக்காத பாண் வைக்கோல்போல இருக்கும். என் பேரன் இப்போதே றோஸ் பாணைத் தள்ளி வைக்கிறான்.

குரக்கன் பாண், ஆட்டா மாப் பாண் என்று விற்பவற்றையும் சொல்லியாக வேண்டும். சலரோகக்காரர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது இவற்றைத்தான். நான் வாங்கிய ஒரு குரக்கன் பாணின் உள்ளடக்கத்தில் முதலில் நின்றது கோதுமை மா, அடுத்தது நீர், அடுத்தது சீனி. அதற்கும் பிறகுதான் குரக்கன். நிறம் மட்டும் நல்ல மண்ணிறம். இது நோயாளியின் பயத்தை வைத்துச் செய்யும் வியாபாரம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

உங்கள் கஷ்டத்தை நான் அறியாதவள் அல்ல. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பல் வந்தால்தான் பாண். 2022இல் மாவும் எரிவாயுவும் மின்சாரமும் ஒன்றாக ஏறியபோது எத்தனை சிறு போறணைகள் அணைந்தன என்பதை நான் கண்டேன். அப்பா வேலை செய்த போறணையின் புகைக்கூண்டு இப்போது ஆலமரக்கன்று முளைத்து நிற்கிறது. இரவு வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை. இரவு முழுவதும் மாவைக் காத்திருக்க ஆள் இல்லாதபோது அவசர மாவைத் தவிர வேறு வழியில்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன். அதனால்தான் எல்லாப் பாணையும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

அதிகாரிகளே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு கொண்டுவந்தீர்கள். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் போத்தலில் சிவப்பு. நல்ல காரியம். என் பேரன் கூடக் கடையில் சிவப்பைக் காட்டி வேண்டாம் என்கிறான். 2024இல் பாணின் எடைக்கு வர்த்தமானி வந்தது. முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம். தராசோடு கடை கடையாகப் போனார்கள். பாணின் எடை குறைந்தால் அது குற்றம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதே பாணுக்குள் 31 கிராம் சர்க்கரை இருப்பது ஒரு விடயமாகவே தோன்றவில்லையா? சோடாவை நாங்கள் நாளாந்தம் காலையும் இரவும் குடிப்பதில்லை. பாணைச் சாப்பிடுகிறோம்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

வெதுப்பக உரிமையாளர்களே, உறையிட்டு விற்கும் ஒவ்வொரு பாணிலும் 100 கிராமுக்கு எத்தனை கிராம் சீனி சேர்த்திருக்கிறீர்கள் என்பதைத் தமிழில், கண்ணாடி போட்ட ஒரு கிழவி வாசிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடுங்கள். உறையில்லாமல் விற்பவர்கள் கடையில் விலைப் பலகைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு வெண்கட்டித் துண்டு போதும். பாண் ஓட்டோவில் வீதி வீதியாக விற்பவர்களும் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடலாம்.

உங்கள் ஒவ்வொருவருடைய போறணையிலும் நாளொன்றுக்கு ஒரு தட்டாவது, சீனி மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டாத பாணை, மற்றப் பாணின் அதே விலைக்குப் போடுங்கள். சனம் வாங்காது என்றீர்கள். மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். எங்கள் வீதியில் மட்டும் 14 வீடுகள் வாங்கத் தயார் என்று கையொப்பமிட்டுத் தந்திருக்கின்றன. அதற்கு மேல் இனிப்பான பாணை இனிப்புப் பாண் என்று பெயரிட்டு விற்றுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. குரக்கன் பாண், ஆட்டா மாப் பாண் என்று எழுதுபவர்கள் அந்த மா எத்தனை வீதம் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அதிகாரிகளே, இந்த மாவட்டத்தில் விற்கும் பாண்களை மாதிரி எடுத்துச் சீனியின் அளவைப் பரிசோதித்து, முடிவை வெதுப்பகத்தின் பெயரோடு பொதுவில் வெளியிடுங்கள். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளிலும் வைத்தியசாலை விடுதிகளிலும் கொடுக்கும் பாணிலிருந்து அந்தப் பரிசோதனையைத் தொடங்குங்கள். பாணில் சேர்க்கும் சீனிக்கு ஓர் உச்ச அளவும், எடைக்கு இருப்பதுபோல ஒரு வர்த்தமானி அறிவித்தலும் வேண்டும் என்ற பரிந்துரையைக் கொழும்புக்கு எழுத்தில் அனுப்பி, அதன் பிரதியை எங்களுக்குத் தாருங்கள்.

வரும் தைப்பொங்கலுக்கு முன் ஒரு கூட்டத்துக்கு நாள் குறியுங்கள். நீங்கள், சிறு போறணைக்காரர்கள், நீரிழிவு கிளினிக் தாதிமார், நாங்கள். இம்முறை இது முதலாவது விடயமாக இருக்கட்டும். அப்பாவின் கொப்பியையும் அந்த நான்கு உறைகளையும் நான் கொண்டு வருகிறேன். உங்கள் மா அளவுக் கணக்கை நீங்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
போறணைத் தொழிலாளி ஒருவரின் மகள்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கொக்குவில், யாழ்ப்பாணம்.